சந்தேகம் இருந்தாலே தகவல் சொல்லலாம்

நான் குழந்தைகளுக்கான பல் மருத்துவர். நாற்காலியில் சாய்ந்திருக்கும் குழந்தையின் காது, கழுத்து, உதட்டின் உட்பக்கம் எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் எனக்குத் தெளிவாகத் தெரியும். ஓடி விளையாடி விழுந்தால் பெரும்பாலும் முட்டியும் நெற்றியும்தான் அடிபடும். நான்கு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குக் காதிலோ கழுத்திலோ கன்றிப்போயிருந்தால், யாராவது அடித்திருப்பார்களோ என்று சந்தேகப்பட்டே ஆக வேண்டும். இன்னும் தவழாத கைக்குழந்தையின் உடம்பில் ரத்தக்கட்டு என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

ஆனால் எனக்குத் தெரிவது அவ்வளவுதான். அந்தக் குழந்தை சில நாட்களாக வகுப்பில் பேசுவதே இல்லை என்பது ஆசிரியருக்குத்தான் தெரியும். போன முறை எலும்பு முறிந்தபோது வீட்டில் வேறு காரணம் சொன்னார்கள் என்பது இன்னொரு மருத்துவமனையின் பதிவில் இருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதாகத் தோன்றாது. குழந்தைகள் நல அலுவலரிடம் எல்லாம் வந்து சேர்ந்தால்தான் நடப்பது புரியும். அதனால்தான் 'உறுதியாகத் தெரிந்த பிறகு சொல்லலாம்' என்று காத்திருக்கக் கூடாது என்கிறேன். நியாயமான சந்தேகம் போதும், விசாரணை செய்ய வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

1962இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்ப்பும் நான்கு சகாக்களும் சேர்ந்து, வீட்டில் அடி வாங்கிய குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்த ஐவரில் கதிரியக்க மருத்துவர் ஒருவர், மனநல மருத்துவர் ஒருவர். எக்ஸ்ரேயில் தெரியும் பழைய முறிவுகளையும் பெற்றோர் சொல்லும் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே அமெரிக்க மாநிலங்கள் எல்லாம் இப்படிப்பட்ட சந்தேகத்தைத் தகவல் சொல்வதைச் சட்டப்படி கட்டாயமாக்கின.

அப்புறம் வேறொரு சிக்கல். ஆசிரியர், மருத்துவர், போலீஸ், வழக்கறிஞர் என்று ஆளாளுக்குக் கேட்டால், குழந்தை அதே வேதனையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிவரும். 1985இல் அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில்லிலும் 1998இல் ஐஸ்லாந்திலும் இதற்கென்றே மையங்கள் தொடங்கினார்கள். ஐஸ்லாந்து மையத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் மட்டும் குழந்தையிடம் பேசுவார். மற்றவர்கள் வேறு அறையிலிருந்து திரையில் பார்ப்பார்கள்.

ஆகவே நாம் துருவித் துருவிக் கேட்க வேண்டாம். 'அப்பா அடிச்சாரா?' என்பது தவறான கேள்வி. 'என்ன ஆச்சு?' போதும். குழந்தை சொன்னதை அதே வார்த்தைகளில், தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

தலைமையாசிரியரிடமோ மூத்த மருத்துவரிடமோ சொல்லிவிட்டதால் புகார் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உரிய அலுவலகத்துக்கு அது போனதா என்று மறுநாளே கேட்டுவிடுங்கள்.