பெருங்காயத்தில் ஒளிந்திருக்கும் கோதுமை

கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து, அரை மணி நேரம் ஊறவிட்டு, தண்ணீருக்குள் வைத்துக் கசக்கிக்கொண்டே இருங்கள். வெள்ளையாகக் கரைந்து போவது மாவுச்சத்து. தண்ணீர் தெளிந்த பிறகும் கையில் மிஞ்சி நிற்கும் பழுப்பு உருண்டை, இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதுதான் குளூட்டன். பரோட்டா மாஸ்டர் வீசும்போது மாவு கிழியாமல் விரிவதும் பிரெட் உப்பி நிற்பதும் இந்தப் புரதத்தின் தயவில்தான். அரிசி மாவிலும் கேழ்வரகு மாவிலும் இது கிடையாது. அவற்றை வீசிப் பரோட்டா போட எவராலும் முடியாது.

இந்த உருண்டை சிலருடைய சிறுகுடலை மெல்ல மெல்ல மழித்துவிடுகிறது. அதற்குப் பெயர் சீலியாக் நோய். கோதுமை ஒவ்வாமையோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் பலர். ஒவ்வாமை என்றால் சாப்பிட்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ தடிப்பும் மூச்சுத்திணறலும் வரும். சீலியாக் அப்படி ஆர்ப்பாட்டம் செய்வதில்லை. இது கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் தடைகாப்பு மண்டலம் சொந்தக் குடலையே தாக்கும் நோய்; வருடக்கணக்கில் சத்தமின்றி நடக்கும்.

தாக்குதல் தொடங்கும் இடம் செரிமானம். நாம் உண்ணும் புரதங்களை இரைப்பையும் கணையமும் சுரக்கும் நொதிகள் சிறு சிறு துண்டுகளாக வெட்டிவிடும். குளூட்டனின் ஒரு பகுதியான கிளியாடின் மட்டும் முழுதாக வெட்டுப்படாது. புரோலின், குளூட்டமின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் அதில் மிக அதிகம். புரோலின் இருக்கும் இடத்தில் புரதச் சங்கிலி மடங்கிக்கொள்வதால் நொதிகளுக்குப் பிடி கிடைப்பதில்லை. 33 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு கிளியாடின் துண்டு எல்லா நொதிகளையும் தாண்டிப் பிழைத்திருப்பதை, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சைத்தன் கோஸ்லா குழுவினர் 2002-ல் காட்டினார்கள். கவனிக்கவும், சப்பாத்தி சாப்பிடும் எல்லோருக்கும் இப்படித்தான் நடக்கிறது. கோதுமையை முழுமையாகச் செரிக்கும் மனிதர் யாருமில்லை. பெரும்பாலோருக்கு அந்தத் துண்டு வந்த சுவடு தெரியாமல் வெளியேறிவிடுகிறது.

சீலியாக் நோயாளிக்கு அது குடல் சுவரைக் கடந்து உள்ளே நுழைகிறது. அங்கே திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்றொரு நொதி இருக்கிறது. காயம்பட்ட திசுவில் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து ஒட்டவைப்பது அதன் வழக்கமான பணி. கிளியாடின் துண்டில் உள்ள குளூட்டமின்கள் சிலவற்றை அது குளூட்டாமிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. மிகச் சிறிய மாற்றம்தான், ஆனால் துண்டுக்கு இப்போது எதிர்மின்னேற்றம் வந்துவிட்டது. எச்எல்ஏ டிக்யூ2 அல்லது டிக்யூ8 என்ற மரபணு வகையோடு பிறந்தவர்களின் தடைகாப்பு செல்களின் மேற்பரப்பில், இத்தகைய எதிர்மின்னேற்றத் துண்டுகளை இறுகப் பிடித்துக்கொள்ளும் பள்ளங்கள் உண்டு. பிடித்த துண்டை அவை டி செல்கள் என்னும் வெள்ளை அணுக்களிடம் நீட்டுகின்றன. டி செல்கள் அதைக் கிருமியென்று எண்ணிப் போர் தொடங்குகின்றன. கிளியாடினுக்கு எதிராக மட்டுமின்றி, அதைத் தொட்ட குற்றத்துக்காக டிரான்ஸ்குளூட்டமினேஸுக்கு எதிராகவும் எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. அந்த எதிர்ப்பொருள்களின் இலக்கு இந்த நொதிதான் என்று 1997-ல் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். இன்று நோயைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனை அதை வைத்தே நடக்கிறது.

போரில் அடிபடுவது குடலுறிஞ்சிகள். சிறுகுடலின் உட்புறம் டர்க்கி டவலின் மேற்பரப்பைப் போல நுண்ணிய நீட்சிகளால் நிறைந்தது. உணவின் சத்தை உறிஞ்சும் பரப்பு பெருகுவது அவற்றால்தான். சீலியாக் முற்றினால் அவை தேய்ந்து தட்டையாகிவிடும். முதல் அடி முன்சிறுகுடலுக்கு. இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதும் அங்கேதான். அதனால் வயிற்றுப்போக்கும் வயிற்று உப்புசமும் இல்லாத பல நோயாளிகளிடம், எத்தனை இரும்பு மாத்திரை விழுங்கினாலும் ஏறாத ரத்தசோகைதான் முதல் அடையாளம். வயதுக்கேற்ற உயரம் வராத குழந்தை, காரணம் தெரியாமல் எலும்பு பலவீனமான பெண், முழங்கையிலும் முழங்காலிலும் அரித்துக் கொப்பளிக்கும் தோல், திரும்பத் திரும்ப நிகழும் கருச்சிதைவு என்று இந்தக் குடல் நோய் பல வேடங்களில் வெவ்வேறு மருத்துவர்களிடம் போய் நிற்கும்.

தானியத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை மருத்துவ உலகம் கண்டுபிடிக்க நெடுங்காலம் ஆயிற்று. 1888-ல் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ இந்த நோயைத் தெளிவாக விவரித்து, குணம் உண்டென்றால் அது உணவின் வழியாகத்தான் என்றார். எந்த உணவு என்பது அவருக்குப் பிடிபடவில்லை. 1920-களில் அமெரிக்காவின் சிட்னி ஹாஸ் நோயுற்ற குழந்தைகளுக்கு வாழைப்பழத்தையே முக்கிய உணவாகக் கொடுத்துத் தேற்றினார். வாழைப்பழத்தில் மருந்து இருக்கிறது என்று உலகம் நம்பியது. ரொட்டியை நிறுத்தியதால் வந்த பலன் என்பது யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியது நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெவுக்கு. 1930-களிலேயே கோதுமைமீது அவருக்குச் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் நெதர்லாந்து பட்டினி கிடந்து, மக்கள் டியூலிப் கிழங்குகளைத் தின்ற நாட்களில், சீலியாக் குழந்தைகள் மோசமாகவில்லை என்பது அந்தச் சந்தேகத்துக்கு வலுச்சேர்த்தது. கோதுமையை நிறுத்தியும் திரும்பக் கொடுத்தும் குழந்தைகளைக் கவனித்து அவர் எழுதிய ஆய்வேடு 1950-ல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் வெளியானது.

தன்னைத்தானே தாக்கும் நோய்களில் சீலியாக்குக்குத் தனியிடம் உண்டு. முதல் வகை நீரிழிவிலோ முடக்குவாதத்திலோ உடலைத் தூண்டிவிடுவது எது என்று உறுதியாகத் தெரியாது. இங்கே அது கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டது. மரபணுவை மாற்ற முடியாது. நொதியை அகற்ற முடியாது. தட்டிலிருந்து குளூட்டனை அகற்ற முடியும். அகற்றினால் குடலுறிஞ்சிகள் மீண்டும் வளர்கின்றன, குழந்தைகளிடம் விரைவாக, பெரியவர்களிடம் ஓராண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டு.

ஆனால் டி செல்களுக்கு மறதி கிடையாது. பத்தாண்டு பத்தியம் இருந்தவரின் குடலும் குளூட்டன் வந்தால் அடையாளம் கண்டுகொள்ளும். “கல்யாண வீட்டில் ஒரு நாள்தானே, கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது” என்னும் அன்பான உபசாரம் இந்த நோயாளிக்குச் செய்யும் கெடுதலுக்கு அளவில்லை. கொஞ்சம் என்றால் எவ்வளவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இத்தாலியில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வொன்றில், தினமும் 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் எடுத்துக்கொண்டவர்களின் குடலில் சிதைவு தெரிந்தது. ஒரு சாதாரண சப்பாத்தியில் இரண்டரை கிராமுக்குக் குறையாமல் குளூட்டன் இருக்கும். அதாவது ஒரு சப்பாத்தியை ஐம்பதாகப் பிய்த்து, தினமும் ஒரு துணுக்கு தின்றாலே போதும், கெடுதல் வர. நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலோருக்குப் பாதிப்பில்லை என்று கருதுகிறார்கள். உலகின் பல நாடுகளும் இந்தியாவும் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகாத பொருளையே ‘குளூட்டன் இல்லாதது’ என்று விற்க அனுமதிக்கின்றன. அப்படிப்பட்ட உணவை அரைக் கிலோ சாப்பிட்டாலும் 10 மில்லிகிராமைத் தாண்டாது.

சோறு தின்னும் ஊருக்கு இந்தக் கவலை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பி. எஸ். ராமகிருஷ்ணாவும் எய்ம்ஸின் கோவிந்த் மகாரியாவும் மற்றவர்களும் இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு விடை இருக்கிறது. சீலியாக் எதிர்ப்பொருள்கள் வடக்கே 1.23 சதவீதத்தினரிடமும், வடகிழக்கே 0.87 சதவீதத்தினரிடமும், தெற்கே வெறும் 0.10 சதவீதத்தினரிடமும் இருந்தன. நம் ரத்தம் வேறு என்று பெருமைப்பட வேண்டாம். நோய்க்கு வழிவிடும் மரபணு வகை வடக்கே 38.1 சதவீதம் பேரிடம், தெற்கே 36.4 சதவீதம் பேரிடம், கிட்டத்தட்ட ஒன்றுதான். கண்ணில் படும் வேறுபாடு தட்டில். வடக்கே ஒருவர் சராசரியாக உண்ட கோதுமை ஒரு நாளைக்கு 455 கிராம். தெற்கே 25 கிராம். இதோடு கதை முடிந்துவிடவில்லை. வடகிழக்கிலும் கோதுமை 37 கிராம்தான், எதிர்ப்பொருளோ தெற்கைவிடப் பல மடங்கு. கோதுமையின் அளவு மட்டுமே விடையல்ல, வேறு ஏதோவும் சேர்ந்திருக்கிறது. எப்படியிருந்தாலும், இரவானால் சப்பாத்தி, மாலையானால் பரோட்டா, கைக்கு எட்டும் தூரத்தில் எப்போதும் பிஸ்கட் என்று மாறிவிட்ட தமிழ்நாட்டில் அந்த 25 கிராம் இன்னும் 25 கிராமாகவே இருக்கும் என்று நான் நம்பவில்லை.

நோய் உறுதியான தமிழ் வீட்டில் பத்தியம் பாதி எளிது. இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், தினைப் பொங்கல் எதிலும் குளூட்டன் இல்லை. லண்டனிலோ டெல்லியிலோ இருக்கும் நோயாளி கடைகடையாகத் தேடி அதிக விலை கொடுத்து வாங்கும் உணவு இங்கே வழக்கமான காலைச் சிற்றுண்டி. பரோட்டாவையும் பூரியையும் கேக்கையும் விடுவதும் கடினமாக இருக்கலாம், ஆனால் குழப்பமில்லை. ரவையும் சேமியாவும் கோதுமைதான் என்பதைச் சிலருக்கு நினைவூட்ட வேண்டியிருக்கும். திருநெல்வேலி அல்வாவும் கோதுமைப் பாலில் கிண்டியதுதான்.

மறுபாதியில்தான் வம்பு. முதல் எதிரி பெருங்காயம். ஆப்கானிஸ்தானிலும் ஈரானிலும் விளையும் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பிசின் அது. சுத்தமான பிசினின் காரமும் வாடையும் தாங்க முடியாது என்பதால், மாவும் கருவேலம் பிசினும் கலந்துதான் கடையில் விற்கிறார்கள். ‘கூட்டுப் பெருங்காயம்’ என்று டப்பாவில் போட்டிருப்பது அதனால்தான். கலக்கும் மாவு பல தயாரிப்புகளில் கோதுமை அல்லது மைதா. ஒரு சிட்டிகைத் தூள் கால் கிராம், அதில் பாதி மைதா, மைதாவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று வைத்துக்கொண்டால், சிட்டிகைக்குப் பன்னிரண்டு மில்லிகிராம் போல வருகிறது. சாம்பார் நாலு பேருக்குப் பகிரப்படும், சரி. ரசம், நீர்மோர், ஊறுகாய், வடை, அப்பளம், முறுக்கு எல்லாவற்றிலும் அதே டப்பா திறக்கிறதே! கோதுமையே தொடாத சைவச் சாப்பாட்டில், நோயாளியின் அன்றாட வரம்பைப் பெருங்காயம் ஒன்றே தின்று தீர்த்துவிடக்கூடும். அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கிடைக்கிறது. டப்பாவின் பின்புறத்தைப் படித்து வாங்க வேண்டும். உணவகச் சாம்பாரில் எந்த டப்பா என்று கேட்டால் பதில் கிடைப்பது அரிது.

அடுத்தது மாவு மில். முந்தைய வாடிக்கையாளர் கோதுமை அரைத்துப் போன அதே இயந்திரத்தில் நம் கேழ்வரகு விழுகிறது. உள்ளே தங்கிய கோதுமை நம் மாவோடு கலந்து வரும். ஒரு கிலோவில் 20 மில்லிகிராம் என்ற வரம்பை மீற ஒரு சிட்டிகை கோதுமை மாவே போதும். கோதுமையே அரைக்காத மில் கிடைத்தால் நல்லது, இல்லையேல் வீட்டு மிக்ஸிதான் கதி. சப்பாத்தி தேய்க்கும் பலகை, மாவுச் சல்லடை, பூரி பொரித்த எண்ணெய் ஆகியவற்றையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் குளூட்டனின் நெருங்கிய உறவுப் புரதங்கள் உள்ளன. ஆகவே ‘கோதுமை சேர்க்கப்படவில்லை’ என்ற வாசகம் இவர்களுக்குப் போதாது. குழந்தைகளுக்குப் பாலில் கலக்கும் மால்ட் பானங்களில் இருப்பது முளைகட்டிய பார்லி. சத்துமாவிலும் பெரும்பாலும் கோதுமை இருக்கும். ஃபிரைட் ரைஸில் அரிசி சரி, சோயா சாஸில் கோதுமை. ஓட்ஸ் தன்னளவில் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடுவதால் தனியாகப் பரிசோதித்து விற்பதை மட்டுமே நம்பலாம். கத்தோலிக்கர்களுக்கு இன்னொரு சங்கடம்: நற்கருணை அப்பம் கோதுமையால்தான் ஆக வேண்டும், குளூட்டன் துளியும் இல்லாத அப்பம் செல்லாது என்பது வத்திக்கானின் விதி. மிகக் குறைந்த குளூட்டன் உள்ள அப்பத்துக்கு அனுமதி உண்டு. திராட்சை ரசத்தை மட்டும் பெற்றுக்கொள்ளவும் வழி இருக்கிறது.

எந்த நோயும் இல்லாதவர்கள் ‘குளூட்டன் இல்லாதது’ என்ற சீட்டைப் பார்த்து பிஸ்கட் வாங்குவதைப் பற்றி எனக்கு நல்லெண்ணம் இல்லை. அத்தகைய பல பண்டங்களில் நார்ச்சத்து குறைவு, சர்க்கரையும் விலையும் அதிகம். அதைவிடப் பெரிய ஆபத்து, வயிறு சரியில்லை என்று தாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பிறகு மருத்துவரிடம் போவது. குளூட்டன் வராதபோது எதிர்ப்பொருள்கள் குறைந்துவிடும், குடலும் ஆறத் தொடங்கும். ரத்தப் பரிசோதனையும் குடல்திசுப் பரிசோதனையும் நோய் இல்லை என்று பொய் சொல்லும். பரிசோதனை முடியும்வரை சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருப்பதே முறை.

மருந்து வருமா? டிரான்ஸ்குளூட்டமினேஸ் நொதியை முடக்கும் ஒரு மாத்திரையை நோயாளிகளுக்குக் கொடுத்து, தினமும் 3 கிராம் குளூட்டனையும் ஆறு வாரம் கொடுத்துப் பார்த்த சோதனை 2021-ல் வெளியானது. மாத்திரை எடுத்தவர்களின் குடலில் சிதைவு குறைவாக இருந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான், ஆனால் பத்தியத்துக்கு மாற்றாக எந்த மருந்தும் இன்னும் அங்கீகாரம் பெறவில்லை.

வீட்டில் ஒருவருக்கு நோய் உறுதியானால், பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், தொந்தரவு ஏதும் இல்லாவிட்டாலும். இத்தகைய நெருங்கிய உறவினர்களில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு நோய் இருப்பது தெரியவந்திருக்கிறது. முடிவு இப்போது சரியாக இருந்தாலும் பின்னாளில் மாறலாம் என்பதால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் பார்க்கச் சொல்வார்கள். மரபணுப் பரிசோதனையில் டிக்யூ2, டிக்யூ8 இரண்டும் இல்லை என்று வந்துவிட்டால் நோய் வரும் வாய்ப்பு அநேகமாக இல்லை. அவர்களை அதன் பிறகு ஊசியால் குத்த வேண்டியதில்லை.