எலாஸ்டிசிட்டி: மீட்சியா, நெகிழ்ச்சியா?

தமிழ்நாட்டுப் பாடநூலில் இயற்பியல் படிப்பவருக்கு எலாஸ்டிசிட்டி என்றால் மீட்சித்தன்மை. பொருளியல் படிப்பவருக்கு அதே சொல் நெகிழ்ச்சி. இலங்கையில் இயற்பியல் மாணவர் மீள்தன்மை என்பார். அங்கே பொருளியலில் தேவைக்குக் ‘கேள்வி’ என்று பெயர், ஆகவே ‘கேள்வி நெகிழ்ச்சி’. தையல் கடையில் கேட்டால் எலாஸ்டிக், வேறு பேச்சே இல்லை. ஒரு கலைச்சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல் இருக்க வேண்டும் என்று வாதிடுவோர் இதைக் குழப்பம் என்பார்கள். இந்தச் சொல்லைப் பொறுத்தவரை அந்த வாதம் செல்லாது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு கருத்துகள் ஒளிந்திருக்கின்றன: திரும்பி வருதல் ஒன்று, இடம் கொடுத்தல் இன்னொன்று. தமிழ் அவற்றைப் பிரித்துக் காட்டியிருக்கிறது.

ஆங்கிலச் சொல்லின் வேர் கிரேக்கம். உலோகத்தை அடித்துத் தட்டி விரிப்பது, ஓட்டுவது என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. அதை அறிவியல் லத்தீனுக்குள் கொண்டுவந்தவர் பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் ழான் பெக்கே, 1651-இல். அவர் மனதில் இருந்தது ரப்பரும் அல்ல, கம்பியும் அல்ல, காற்று. அடைத்துவைத்த காற்றைத் திறந்துவிட்டால் தானாக விரிகிறதே, அந்த இயல்பு. 1660-இல் ராபர்ட் பாயில் காற்றைப் பற்றி எழுதியபோது அதைக் காற்றின் ‘சுருள்வில் குணம்’ என்றே வருணித்தார். பாயிலுக்குக் காற்றுப் பம்பு செய்து கொடுத்த உதவியாளர்தான் ராபர்ட் ஹூக்.

ஹூக் மீட்சி பற்றிய தன் விதியை 1676-இல் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஒரு புதிராக வெளியிட்டார். வேறு யாரும் உரிமை கொண்டாடிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை. இரண்டு ஆண்டு கழித்து விடையைச் சொன்னார்: நீட்சி எவ்வளவோ, விசையும் அவ்வளவு. அந்த 1678 நூலுக்கு அவர் வைத்த லத்தீன் தலைப்பில் இருப்பது ‘மீட்டுத் தரும் ஆற்றல்’ என்ற தொடர். மீட்சி என்று தமிழில் பெயர் வைத்தவர்கள் இதைப் பார்த்து வைத்தார்களோ இல்லையோ, பொருத்தம் கச்சிதம்.

மீள் என்ற வினையிலிருந்து மீட்சி; ஆள், ஆட்சி போல. போன இடத்திலிருந்து திரும்பி வருதல். நெகிழ் வேறு. ‘தொடியொடு தோள்நெகிழ’ என்கிறது குறள் 1236. பிரிவில் தோள் மெலிகிறது, வளையல் கழல்கிறது. நெகிழ்தல் என்றால் தளர்தல், இளகுதல், இடம் கொடுத்தல். திரும்பி வருதல் அதில் இல்லை. இன்றைய செய்தித்தாளில் ‘மாணவியின் பேச்சைக் கேட்டு அமைச்சர் நெகிழ்ச்சி’ என்று வருவதும் மனம் இளகியதைத்தான்.

எஃகும் கான்கிரீட்டும்

இயந்திரவியலில் திரும்பி வருவதுதான் உயிர்நாடி. பொருளின் மீது ஓர் அலகுப் பரப்பில் செயல்படும் விசை தகைவு. அதனால் நீளத்தில் ஏற்படும் மாற்றத்தை முதல் நீளத்தால் வகுத்தால் வருவது திரிபு. (இலங்கையில் தகைப்பு, விகாரம்.) தகைவைத் திரிபால் வகுத்தால் யங் குணகம். எஃகுக்கு இது ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2,00,000 நியூட்டன், அலுமினியத்துக்குச் சுமார் 70,000.

கையால் போட்டுப் பார்க்கலாம். 2 மீட்டர் நீளம், 1 மி.மீ. விட்டம் உள்ள எஃகுக் கம்பியில் 10 கிலோ தொங்கவிடுகிறோம். விசை 98 நியூட்டன், குறுக்குப் பரப்பு 0.785 சதுர மி.மீ., தகைவு ஏறத்தாழ 125. திரிபு 0.000625. கம்பி நீள்வது 1.25 மி.மீ. மட்டுமே. வெறும் கண்ணால் துல்லியமாக அளக்க முடியாத இந்த நீட்சியை அளக்கத்தான் கல்லூரி ஆய்வகத்தில் சேர்ல் கருவி இருக்கிறது. ஒரே தாங்கியிலிருந்து இரண்டு கம்பிகள் தொங்கும். ஒன்றில் மட்டும் எடையை மாற்றுவார்கள். வெயிலில் கம்பி விரிந்தாலும், மேலே தாங்கி சற்றே இறங்கினாலும் இரண்டுக்கும் ஒரே அளவில் நடக்கும், ஆகவே கழிந்துவிடும்.

இந்தச் சோதனை கெடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். முதலாவது, சுருட்டி வைத்த கம்பியில் வளைவுகள் இருக்கும். தொடக்கத்தில் ஒரு நிலைச்சுமை போட்டு நிமிர்த்தாமல் அளந்தால், வளைவு நிமிர்வதையும் நீட்சியென்று எழுதிவிடுவோம். இரண்டாவது விட்டம். திருகு அளவியில் 0.01 மி.மீ. தவறினால் 1 மி.மீ. கம்பிக்கு அது 1% பிழை; பரப்பில் விட்டம் இருமடியாக வருவதால் விடையில் 2%. அதனால்தான் பல இடங்களில், ஒவ்வோரிடத்திலும் செங்குத்தான இரு திசைகளில், விட்டத்தை அளக்கச் சொல்கிறார்கள். எடையை ஏற்றும்போது எடுத்த அளவும் இறக்கும்போது எடுத்த அளவும் ஒத்துப்போகவில்லை என்றால் கம்பி மீட்சி எல்லையை, அதாவது பழைய நீளத்துக்குத் திரும்பக்கூடிய வரம்பை, தாண்டிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். அந்தக் கம்பியை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

‘ரப்பரைவிட எஃகே மீட்சித்தன்மை மிக்கது’ என்ற வாக்கியம் தேர்வுக்குத் தேர்வு கேட்கப்படுகிறது. யங் குணகத்தை மட்டும் வைத்துச் சொன்னால் சரிதான், எஃகினுடையது பல ஆயிரம் மடங்கு பெரிது. ஆனால் அந்தக் குணகம் அளப்பது விறைப்பை. எவ்வளவு தூரம் இழுத்தாலும் திரும்பி வருமா என்பது வேறு கேள்வி. ரப்பர் தன் நீளத்தின் பல மடங்கு நீண்டும் திரும்பும். சாதாரண எஃகு ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நீண்டாலே எல்லையைத் தொட்டுவிடும். அந்த வாக்கியத்தில் ‘விறைப்பு மிக்கது’ என்று எழுதியிருந்தால் பாதி மாணவர்களின் குழப்பம் தீர்ந்திருக்கும்.

இந்தக் குழப்பம் தேர்வுத்தாளோடு நிற்பதில்லை, கட்டடத்துக்கும் வருகிறது. கான்கிரீட்டுக்குள் வைக்கும் எஃகுக் கம்பியின் மேல் எஃப்இ 415, எஃப்இ 500, எஃப்இ 550 என்று ரகம் போட்டிருக்கும். அந்த எண் கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவைக் குறிக்கிறது, அதாவது வலிமையை. மூன்றுக்கும் யங் குணகம் ஒன்றேதான். ‘உயர்ந்த ரகம் போடுகிறோம், ஆகவே கம்பியைக் குறைக்கலாம்’ என்று 415-க்குப் பதில் 550 போட்டு, வலிமைக் கணக்கின்படி கம்பிப் பரப்பைக் கால் பங்கு குறைத்தால் உடைவதற்கு எதிரான பாதுகாப்பு அப்படியே இருக்கும். ஆனால் அன்றாடச் சுமையில் ஒவ்வொரு கம்பியும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக நீளும். கூரைத் தளம் சற்றே அதிகம் தொய்யும், கீழ்ப்பக்க விரிசல் அகலமாகும், நீர் இறங்கும். வலிமைக்கு விலை கொடுத்தோம், விறைப்பு கிடைக்கவில்லை. கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 456 என்ற இந்தியத் தரநிலை தரும் வாய்பாடு எளிது: அமுக்க வலிமையின் வர்க்கமூலத்தை 5,000-ஆல் பெருக்கினால் மீட்சிக் குணகம். அமுக்க வலிமை 25 உள்ள எம்25 கான்கிரீட்டுக்கு 25,000. எஃகினுடையதில் எட்டில் ஒரு பங்கு.

பந்து

விளையாட்டில் மீட்சியை அளப்பது துள்ளலை வைத்து. டென்னிஸ் பந்தை 254 செ.மீ. உயரத்திலிருந்து கான்கிரீட் தளத்தில் விட்டால் வழக்கமான வகைப் பந்து 135 முதல் 147 செ.மீ. வரை எழ வேண்டும் என்பது விதி. எழுந்த உயரத்தை விழுந்த உயரத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் மீட்சியளவு குணகம்: 0.73 முதல் 0.76. ஆற்றல் கணக்கு வேண்டுமென்றால் வர்க்கமூலம் எடுக்கக் கூடாது. 53 முதல் 58% ஆற்றல் திரும்புகிறது, மீதி ரப்பருக்குள் வெப்பமாகப் போகிறது. இந்த இரண்டு எண்களையும் மாற்றிப் போடுவது அடிக்கடி நடக்கிறது. டேபிள் டென்னிஸில் விதி மேசைக்கு: 30 செ.மீ.யிலிருந்து விட்ட பந்து சுமார் 23 செ.மீ. எழ வேண்டும், குணகம் 0.88 அளவில்.

டென்னிஸ் பந்தின் துள்ளலில் உள்ளிருக்கும் காற்றழுத்தத்துக்குப் பெரும் பங்கு உண்டு. டப்பாவைத் திறந்ததும் காற்று மெல்லக் கசியத் தொடங்கும். விளையாடாமல் வைத்திருந்தாலும் பந்து செத்துப்போகும். உயரமான ஊர்களில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, பந்து அதிகம் எம்பும். 1,219 மீட்டருக்கு மேல் ஆட விதிகளில் தனி வகைப் பந்து சொல்லப்பட்டிருக்கிறது. ஸ்குவாஷ் பந்துக்குச் சூடு முக்கியம். குளிர்ந்த பந்து ‘தொப்’ என்று விழும். ஆட்டத்துக்கு முன் சில நிமிடம் அடித்துச் சூடேற்றாவிட்டால் ஆடவே முடியாது.

உடம்புக்குள்ளும் இதே இயற்பியல். 1987-இல் வெளியான ஓர் ஆய்வு, 70 கிலோ எடையுள்ளவர் நொடிக்கு 4.5 மீட்டர் வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு காலூன்றலிலும் சுமார் 100 ஜூல் ஆற்றல் வந்து போவதாகக் கணக்கிட்டது. அதில் 35 ஜூலைக் குதிகால் தசைநாணும், 17 ஜூலைப் பாதவளைவும் சேமித்துத் திருப்பித் தருகின்றன. பாதிச் செலவு மீட்சியால் கிடைக்கிறது. இங்கே நெகிழ்ச்சி என்று எழுதினால் பொருள் தலைகீழாகும்: உடற்பயிற்சியில் நெகிழ்வு என்பது மூட்டு எவ்வளவு வளைகிறது என்பது. நன்றாக வளையும் உடம்பு நன்றாகத் துள்ளும் என்று உறுதியில்லை.

சந்தை

பொருளியலுக்கு இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் ஆங்கிலப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல். 1881–82 குளிர்காலத்தில் இத்தாலியின் பலெர்மோவில் தங்கியிருந்தபோது கருத்து உருவானதாக அவர் வரலாறு சொல்கிறது. 1890-இல் அவரது நூல் அதைப் பரப்பியது. விலை ஒரு விழுக்காடு மாறினால் வாங்கும் அளவு எத்தனை விழுக்காடு மாறுகிறது என்பதே கணக்கு. மார்ஷலே அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ‘எதிர்வினைத் திறன்’ என்ற பொருளில் இன்னொரு சொல்லையும் வைத்தார். விலை பழைய நிலைக்கு வந்தால் தேவையும் பழைய நிலைக்கு வருமா என்று இந்த வாய்பாடு கேட்பதே இல்லை. எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பது மட்டுமே கேள்வி. ஆகவே நெகிழ்ச்சி.

தக்காளி கிலோ 40 ரூபாயிலிருந்து 50 ஆகிறது, ஒரு கடையில் விற்பனை 100 கிலோவிலிருந்து 90 ஆகிறது. விலை 25% ஏற்றம், அளவு 10% இறக்கம், நெகிழ்ச்சி 0.4. இதே விலை 50-லிருந்து 40-க்கு இறங்கினால்? விலை 20% இறக்கம், அளவு 11.1% ஏற்றம், நெகிழ்ச்சி 0.56. அதே இரண்டு புள்ளிகள், இரண்டு விடைகள்! எதை அடிப்படையாக வைத்து விழுக்காடு எடுத்தோம் என்பதில் இருக்கிறது வேறுபாடு. இரண்டின் சராசரியை அடிப்படையாக வைத்தால் (95 கிலோ, 45 ரூபாய்) எந்தப் பக்கம் போனாலும் 0.47.

எந்த விலையில் எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் தேவைக் கோட்டின் சாய்வை நெகிழ்ச்சி என்று எடுத்துக்கொள்வது இன்னொரு வழுக்கல். விலை 100 ரூபாயானால் யாரும் வாங்கமாட்டார்கள், இலவசமானால் 200 கிலோ போகும், நடுவில் நேர்கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடு முழுக்கச் சாய்வு ஒன்றே. ஆனால் 80 ரூபாயில் நெகிழ்ச்சி 4, 50 ரூபாயில் 1, 20 ரூபாயில் 0.25. ‘இந்தப் பொருளின் நெகிழ்ச்சி இவ்வளவு’ என்று எந்த விலையில் என்று சொல்லாமல் எழுதினால் அது அரைகுறை.

‘நெகிழ்ச்சியற்ற தேவை’ என்ற மொழிபெயர்ப்பும் சரியில்லை. மூலத்தில் அது ஒன்றுக்குக் குறைவான நெகிழ்ச்சி. தமிழில் படிப்பவருக்குச் சுழியென்று தோன்றும். ‘நெகிழ்ச்சி குறைந்த தேவை’ என்பதே பொருந்தும். புகையிலை இதற்கு எடுத்துக்காட்டு. விலை 10% ஏறினால் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் நுகர்வு சுமார் 5% குறையும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நெகிழ்ச்சி 0.5, சுழி அல்ல. 1.10-ஐ 0.95-ஆல் பெருக்கினால் 1.045: புகைப்பதும் குறைகிறது, மொத்தச் செலவும் 4.5% கூடுகிறது. வரி போடுகிறவர்களுக்கு இந்தப் பெருக்கல் மனப்பாடம்.

ஆய்வாளருக்கு உண்மையான தலைவலி தரவில். பொங்கலுக்கு முன் மல்லிகை விலையும் ஏறும், விற்பனையும் ஏறும். அந்தத் தரவை அப்படியே கணினியில் போட்டால் விலை கூடினால் மக்கள் அதிகம் வாங்குவார்கள் என்று விடை வரும். இங்கே நகர்ந்தது தேவைக் கோடு. நாம் அதன் மீது நடக்கவில்லை. தேவையைத் தொடாமல் வரத்தை மட்டும் அசைக்கும் ஒன்று வேண்டும். வானிலை போன்ற அப்படிப்பட்ட காரணியைக் கொண்டு பிரித்தெடுக்கும் முறையை 1928-இல் எண்ணெய்வித்து, வெண்ணெய் போன்றவற்றின் சந்தையை ஆராய்ந்த அமெரிக்கப் பொருளியலாளர் பிலிப் ரைட்டின் நூல் காட்டியது. பனியால் பூ வரத்து குறைந்த நாட்களை மட்டும் பார்ப்பது அந்த வழிதான்.

எழுதுவோருக்கு

பொருள், பந்து, தசைநாண், மோதல் என்றால் மீட்சி. மீட்சி எல்லை, மீட்சிக் குணகம், மீட்சி மோதல் எல்லாம் வழக்கில் ஊன்றிவிட்டன; மீள்தன்மை என்று ஈழத்தில் எழுதுவதும் அதே வேர், மாற்ற வேண்டியதில்லை. விலை, வருமானம், பதிலீடு என்றால் நெகிழ்ச்சி. இயற்பியலுக்குள் நெகிழ்ச்சியைக் கொண்டுவருவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு: பிளாஸ்டிக்கை நெகிழி என்று அழைக்கிறோம். இயந்திரவியலில் பிளாஸ்டிக் தன்மை என்பது வளைந்தால் வளைந்தபடியே கிடப்பது, மீட்சிக்கு நேரெதிர். நெகிழி அங்கே சரியான சொல்தான்; எலாஸ்டிக்குக்கும் அதே வேரைக் கொடுத்தால் எதிரிகள் இருவரும் ஒரே வீட்டுக்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

சிக்கல் கணினித் துறையில். 2006-இல் அமேசான் தன் வாடகைக் கணினிச் சேவைக்கு எலாஸ்டிக் என்ற அடைமொழியைச் சூட்டியபின் அது துறைச்சொல்லாகவே ஆகிவிட்டது. தேர்வு முடிவு வெளியாகும் காலையில் இணையதளத்துக்குக் கூட்டம் வந்தால் சேவையகங்கள் பெருகும். மாலையில் தானாகக் குறையும். பெருகுவதை மட்டும் பார்த்து ‘விரிவாக்கத் திறன்’ என்று எழுதுகிறார்கள், அது ஸ்கேலபிலிட்டி என்ற வேறு சொல்லுக்கு உரியது. தேவைக்கு இடம் கொடுக்கவும் வேண்டும், தேவை தீர்ந்ததும் திரும்பவும் வேண்டும். திரும்பாவிட்டால் மாதக் கடைசியில் வாடகைச் சீட்டு சொல்லிவிடும். இங்கே மீட்சி, நெகிழ்ச்சி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தால் மற்றது விடுபடுகிறது. ‘விரிசுருங்கு திறன்’ என்று எழுதிப் பார்க்கலாம். நிலைக்குமா என்பதை அந்தத் துறையில் தமிழில் எழுதுகிறவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.