குளத்து அட்டையைப் பிடித்து வராதீர்கள்

தீவனம் வெட்டும் மெஷினில் துண்டான விரலை ஒட்டவைத்த மறுநாள், மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலோடு யாராவது ஒரு சித்தப்பா வார்டுக்கு வந்துவிடுகிறார். உள்ளே குளத்து அட்டை. "யூடியூப்ல பார்த்தேன் டாக்டர், கெட்ட ரத்தத்த உறிஞ்சிடுமாம்." போன வாரமும் இதே கதை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த விரலில் கெட்ட ரத்தம் என்று எதுவும் இல்லை. நஞ்சும் இல்லை, அழுக்கும் இல்லை. அது அவருடைய நல்ல ரத்தம்தான். வெளியேற வழியில்லாமல் தேங்கி நிற்கிறது. ஆக்ஸிஜன் குறைந்ததால் கறுத்துத் தெரிகிறது, அவ்வளவுதான். விரலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியைத் தைத்துவிடுவோம். ரத்தத்தைத் திருப்பி எடுத்துப்போகும் சிரை மெல்லியது, நசுங்கிப்போயிருந்தால் தைக்கக் கிடைக்காது. குழாயைத் திறந்துவிட்டுச் சாக்கடையை அடைத்த மாதிரி விரல் ஊதா நிறமாகி வீங்கும். புதிய நாளங்கள் உருவாகும்வரை, சுமார் ஒரு வாரம், ஆஸ்பத்திரியில் நாங்கள் விடும் அட்டைதான் வடிகால். அது குடிப்பதென்னவோ 5 முதல் 15 மில்லிதான். கழன்று விழுந்த பிறகும், அதன் உமிழ்நீரிலுள்ள, ரத்தத்தை உறையவிடாத ஹிருடினால் கடிவாய் மணிக்கணக்கில் கசியும். எங்களுக்கு வேண்டியது அந்தக் கசிவு. (ஹீமோகுளோபின் இறங்கும், ரத்தம் ஏற்றவும் நேரலாம். பதறாதீர்கள்.)

விரல் வெளுத்துச் சில்லிட்டிருந்தால் அட்டையால் பயனில்லை. அங்கே ரத்த வரத்தே நின்றுவிட்டது. மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் போக வேண்டும். ஜூனியர்களும் இதைக் கவனிக்கவும்.

1985இல் பாஸ்டனில் பிளாஸ்டிக் சர்ஜன் ஜோசப் அப்டன், நாய் கடித்துத் துண்டான ஒரு சிறுவனின் காதை ஒட்டிக் காப்பாற்றியது பண்ணையில் வளர்த்த அட்டைகளைக்கொண்டு. 2004இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அட்டையை மருத்துவச் சாதனமாக ஏற்றது. பண்ணை அட்டையின் குடலிலேயே ஏரோமோனாஸ் கிருமி உண்டு. அதற்காகத்தான் கூடவே ஆன்டிபயாடிக் கொடுக்கிறோம். உங்கள் குளத்து அட்டை இதற்கு முன் எந்த மாட்டைக் கடித்ததோ! ஒருவருக்கு விட்ட அட்டையை இன்னொருவருக்கு விடுவதும் கிடையாது.

வார்டில் இருப்பவர்களுக்கு: அட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள். வால்பாறைப் பழக்கத்தில் உப்புத் தூவவே தூவாதீர்கள். குடித்ததைப் புண்ணுக்குள்ளேயே கக்கிவிடும். நகர்ந்து போனால் நர்ஸைக் கூப்பிடுங்கள். நோயாளிக்கு ஒரு பீடிகூட வேண்டாம், ரத்தக்குழாய் சுருங்கிவிடும்.

உதவி செய்தே ஆக வேண்டுமென்றால், தயவுசெய்து விபத்து நடந்த இடத்தில் செய்யுங்கள். துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ்மேல் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக்கூடாது. உறைந்துபோனால் ஒட்டவைக்க முடியாது.