இருட்டாக இருந்தால் சோகமா?

ஓவிய ரசனை வகுப்பில் ‘நிலவைப் பார்க்கும் இருவர்’ படத்தைத் திரையில் போட்டதும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: சோகம், மரணம். இருட்டு, பட்ட மரம், முதுகைக் காட்டி நிற்கும் ஆட்கள். வேறென்ன சொல்வது? இணையத்தில் உலவும் குறியீட்டுப் பட்டியல்களும் இதற்கு ஒத்து ஊதுகின்றன. பட்ட மரமென்றால் சாவு, நிலாவென்றால் ஏக்கம். சூத்திரம் மாதிரி ஒப்பிக்கிறார்கள்.

ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக் 1819-20இல் வரைந்த படம் இது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருக்கிறது. அகலம் அரை மீட்டர்கூட வராது. கைப்பேசியில் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நிறத்தைக் கூட்டிய பிரதிகள் நிறைய சுற்றுகின்றன. மூலத்தில் படம் முழுக்க இதமான செம்பழுப்பு பரவியிருக்கும். பிரதியில் அது கறுத்துப்போனால் மனநிலையும் மாறிவிடும்.

குறியீட்டுக்குப் போகுமுன் ஆட்களைப் பாருங்கள். இளையவர் மூத்தவரின் தோளில் கையூன்றிச் சாய்ந்திருக்கிறார். துக்கத்தில் இருப்பவர்களா இவர்கள்? நடைபோன வழியில் நின்று ஆற அமர வேடிக்கை பார்ப்பவர்கள் போலத்தான் எனக்குத் தெரிகிறது. நிலாவும் வெறும் பிறையாக இல்லை. மீதி வட்டமும் மங்கலாகத் தெரிகிறது, பக்கத்திலேயே வெள்ளிக் கிரகம். வானத்தை உற்றுக் கவனித்தவரின் கை வேலை.

அப்புறம் உடை. அந்தத் தொப்பியும் மேலங்கியும் ‘பழைய ஜெர்மன்’ பாணி; நெப்போலியனுக்கு எதிரான போர்க்காலத்திலிருந்து தேசப்பற்றுள்ள மாணவர்கள் விரும்பி அணிந்தது. 1819 மார்ச்சில் கோட்ஸெபூ என்ற எழுத்தாளரை ஒரு மாணவர் குத்திக் கொன்றார். அதைச் சாக்காக வைத்து அந்த ஆண்டே ஜெர்மன் அரசுகளின் கார்ல்ஸ்பாட் ஆணைகள் வந்தன: பத்திரிகைத் தணிக்கை, பல்கலைக்கழகங்களில் கண்காணிப்பு. அந்த உடையைப் போட்டாலே சந்தேகக் கண்தான். 1820இல் தன்னைப் பார்க்க வந்தவர்களிடம், இந்த இருவரும் ஏதோ அரசியல் சதி செய்கிறார்கள் என்று ஃபிரீட்ரிக் கிண்டலாகச் சொன்னதாகப் பதிவு உண்டு. சாவுப் படத்துக்கு இப்படியா ஜோக் அடிப்பார்?

படத்திலுள்ள வேர் பெயர்ந்த ஓக் மரத்தைக் கிறிஸ்தவத்துக்கு முந்தைய பழைய சமயமாகவும், பசுமை மாறாத ஊசியிலை மரத்தைக் கிறிஸ்தவ நம்பிக்கையாகவும் கொள்பவர்கள் உண்டு. ஃபிரீட்ரிக் பக்தியுள்ள லூத்தரன் (புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்) என்பதால் அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டால் அந்தத் தோள்மேல் கை கணக்கில் வராமலே போய்விடும்.

இதே காட்சியை மறுபடி வரைந்தபோதும் ஃபிரீட்ரிக் அந்தக் கையை விடவில்லை. 1824 வாக்கில் வரையப்பட்டதாகக் கருதப்படும், பெர்லினில் உள்ள படத்தில் தோளில் கை வைத்திருப்பவர் ஒரு பெண். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருப்பதில் மறுபடியும் அதே இரு ஆண்கள். அதைத் தனக்கு வைத்தியம் பார்த்த மருத்துவருக்குக் கட்டணத்துக்குப் பதிலாக வரைந்து கொடுத்தார்.