அனாகிராம் என்பதற்குத் தமிழ்: எழுத்து நிலைமாற்று

தரம் குலைந்த தேர் (3)

இது மறைகுறிப்புக் குறுக்கெழுத்தில், அதாவது விடையை நேராகக் கேட்காமல் சொல்விளையாட்டில் மறைத்துக் கேட்கும் புதிரில், வரும் குறிப்பு. ‘தேர்’ விடையின் பொருள். ‘தரம்’ விடைக்குரிய எழுத்துகளைத் தரும் மூலச்சொல். ‘குலைந்த’ அந்த எழுத்துகளைக் கலைத்து அடுக்கச் சொல்லும் ஏவல். அடைப்பிலுள்ள எண் விடையின் எழுத்துக் கணக்கு. த, ர, ம் மூன்றையும் இடம் மாற்றினால் ரதம். இப்படி ஒரு சொல்லின் எழுத்துகளைக் கூட்டாமல் குறைக்காமல் வேறு வரிசையில் வைத்து இன்னொரு சொல் ஆக்குவதற்கு ஆங்கிலத்தில் அனாகிராம் என்று பெயர்.

அது கிரேக்க வேர்களால் ஆன சொல். ‘அனா’ என்றால் மீண்டும், பின்னோக்கி. ‘கிராம்மா’ என்றால் எழுத்து. எடை அளக்கும் கிராமும் தந்தியைக் குறிக்கும் டெலிகிராமும் இதே வேரில் பிறந்தவை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட இரண்டாம் டாலமியின் அவைக்களப் புலவர் லைக்கோஃப்ரான், அரசனின் பெயரான ‘ப்டொலெமாயோஸ்’ என்பதை ‘அபோ மெலிடோஸ்’, அதாவது ‘தேனிலிருந்து’, என்று மாற்றிப் புகழ்ந்ததாகச் சொல்வார்கள். 1676இல் ராபர்ட் ஹூக் சுருள்வில்லின் விதியை அகரவரிசையில் அடுக்கிய 14 லத்தீன் எழுத்துகளாக வெளியிட்டு, 1678இல் அவிழ்த்துக் காட்டினார். அதையும் அனாகிராம் என்றே எழுதுகிறார்கள். ஆனால் அதில் மூலப் பக்கம் வெறும் எழுத்துக் குவியல். இரு பக்கமும் பொருள் தரும்போதுதான் இந்தக் கலைக்கு அழகு. 1926 முதல் லண்டன் அப்சர்வர் இதழில் டார்க்கிமடா என்ற புனைபெயரில் எட்வர்ட் போவிஸ் மேதர்ஸ் மறைகுறிப்புக் குறுக்கெழுத்துகளை அமைத்தார். அந்த வகைப் புதிர்களில் அனாகிராம் நிலையான இடம் பிடித்துவிட்டது.

தமிழில் இதற்கு ‘எழுத்துமாற்று’ என்று சொல்லலாமே என்று தோன்றும். அதில் ஒரு சிக்கல் உண்டு. ஓர் எழுத்தை எடுத்துவிட்டு வேறோர் எழுத்தை வைப்பதும் எழுத்துமாற்றுதான். குறுக்கெழுத்தில் அது தனி வகை. ‘திரிபு’ யாப்பில் வேறு பொருளுக்குப் போய்விட்டது. ‘கலைசொல்’ என்றால் கலைச்சொல்லோடு குழம்பும். இலக்கண உரைகளோ இதற்குக் கச்சிதமான பெயரைத் தந்திருக்கின்றன. விசிறி சிவிறி ஆவதையும் ஞிமிறு மிஞிறு ஆவதையும் ‘எழுத்து நிலைமாறுதல்’ என்கிறார்கள். எழுத்து மாறவில்லை, அது நின்ற நிலைதான் மாறியது. ஆகவே ‘எழுத்து நிலைமாற்று’, சுருக்கமாக ‘நிலைமாற்று’, என்பதே பொருத்தம். நிலைமாற்றைச் செய்யச் சொல்லும் ‘குலைந்த’ போன்ற சொல்லைக் ‘கலைகுறி’ எனலாம்.

அதே உரைகள் தசை சதை ஆவதையும் இதில் சேர்க்கும். குறுக்கெழுத்தில் அது செல்லாது. கட்டத்தில் த, சை என்று நிரப்பியதைக் கலைத்தால் சை, த என்றுதான் வரும். ச, தை வராது. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, உயிர்மெய் பிரிக்கப்படாத ஒன்று. மெய்யையும் உயிரையும் பிரித்துக் கணக்கிட்டால் காடு ‘குடா’ ஆகிவிடும், எதுவும் எதுவாகவும் ஆகும். திருஞானசம்பந்தர் சீகாழிக்குப் பாடிய மாலைமாற்றும் உயிர்மெய்யைப் பிரிக்காமல்தான் முன்னும் பின்னும் ஒன்றாக ஓடுகிறது.

இனி விடுவிப்பது. முதலில் எண்ணிப் பாருங்கள். குறிப்பில் அடுத்தடுத்து நிற்கும் ஓரிரு சொற்களின் எழுத்துக் கணக்கு அடைப்பு எண்ணோடு சரியாகப் பொருந்தினால் அவை மூலச்சொற்களாக இருக்க வாய்ப்பு அதிகம். அருகில் கலங்கி, சிதறி, உடைந்து, ஆடி, தடுமாறி, கோணலாக, பிசைந்த போன்ற கலைகுறி இருக்கிறதா என்று தேடுங்கள். ‘திரும்பி’, ‘தலைகீழாக’ என்றிருந்தால் அது நிலைமாற்று அல்ல, எழுத்துகளைப் பின்னிருந்து படிக்கச் சொல்வது. எஞ்சிய பகுதி விடையின் பொருள். அது குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்கும்.

தினம் வண்டி தடம் புரளும் விழுப்புரம் மாவட்டத்து ஊர் (6)

தி, ன, ம், வ, ண், டி. ஆறு எழுத்துக்கு 720 வரிசைகள் உண்டு. அத்தனையையும் போட்டுப் பார்க்கத் தேவையில்லை, தொல்காப்பியம் சொல்லும் மொழிமரபு பெரும்பாலானவற்றைத் தள்ளிவிடும். மெய்யெழுத்து சொல்லின் முதலில் வராது: ம், ண் போயிற்று. டகரமும் னகரமும் தமிழ்ச்சொல்லைத் தொடங்குவதில்லை. மிஞ்சுவது தி, வ இரண்டே. ணகர மெய்க்குப் பின் டகரம் வருவதே மிகுதி, ஆகவே ‘ண்டி’ ஒரு துண்டு. ஊர்ப்பெயர் மகர மெய்யில் முடியக்கூடும். திண்டிவனம்! ‘வண்டி தினம்’ என்று அடுக்கிப் பார்த்தால் இரு சொற்களின் முதலெழுத்துகள் மட்டுமே இடம் மாறியிருப்பது தெரியும். கலைப்பு குறைவு என்பது குறைதான்; ஆனால் ‘தடம் புரளும்’ வண்டியோடு அவ்வளவு இயல்பாக ஒட்டுவதால் இதை நல்ல குறிப்பென்றே சொல்வேன்.

இந்த விதிகளை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்த நிலைமாற்றும் பாதி அவிழ்ந்துவிடும். உயிரெழுத்து ஒன்று இருந்தால், அளபெடையை விட்டுவிட்டால், அதுதான் விடையின் முதலெழுத்து. க், ச், த், ப் இருந்தால் அடுத்தது அதன் சொந்த வரிசை எழுத்தே. ந் வந்தால் அடுத்து பெரும்பாலும் த, சில வேளை ந. ங் வந்தால் பெரும்பாலும் க, ஞ் வந்தால் பெரும்பாலும் ச. வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடியாது. ரதம், டமாரம் போன்ற வந்தேறு சொற்களுக்கு மட்டும் முதலெழுத்து விதியைத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

குறிப்பு எழுதுவோர் சறுக்கும் முதல் இடம் வேற்றுமை உருபு. ‘நகரம் குழம்பிப் பாவிகள் சேருமிடம்’ என்றால் விடை நரகம், நான்கு எழுத்து. ‘நகரத்தைக் குழப்பி’ என்று எழுதினால் த், தை, க் மூன்றும் புகுந்து, மகர மெய் காணாமல் போய்விடும். சந்தி ஒற்றும் இதே தொல்லை தரும். ‘சரிக்கல்’ என்று சேர்த்தால் ஐந்து எழுத்து. ‘கல், சரி குழம்பினால் பருத்திக்கு ஏற்ற மண் (4)’ என்று எழுவாய் வடிவில் பிரித்து வைத்தால் கரிசல் சிக்கலின்றிக் கிடைக்கும். மூலச்சொல்லுக்குப் பின் வரும் சொல் ஒற்று மிகாததாக அமைவது எப்போதும் பாதுகாப்பு.

இன்னொரு தவறு இதைவிடக் கடுமையானது. மூலச்சொல்லைத் தராமல் அதன் பொருளைத் தந்து கலைக்கச் சொல்வது. ‘பட்டணம் குழம்பி’ என்று எழுதிவிட்டு, பட்டணம் என்றால் நகரம், அதைக் கலைத்தால் நரகம் என்று விளக்குவது விடுவிப்பவரை ஏமாற்றுவது. பட்டணத்துக்கு ஊர், புரி, மாநகர் என்று எத்தனையோ சொற்கள் உண்டு, எதைக் கலைப்பது? கலைக்க வேண்டிய எழுத்துகள் கண்ணெதிரே இருக்க வேண்டும். ‘தகவு தவறினால் தட்ட வேண்டியது (3)’ என்பதில் அவை எல்லாம் கண்ணெதிரேதான் இருக்கின்றன: கதவு.