குவார்ட்டர்: கால் எப்படி வீடானது?

என் அக்கா மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அக்கா வீட்டுக்காரர் காவல் துறையில் இருக்கிறார், குடியிருப்பது போலீஸ் குவார்ட்டர்ஸில். காலாண்டுத் தேர்வு விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள் ஒருநாள் கேட்டாள்: "மாமா, குவார்ட்டர்லி எக்ஸாம்னா காலாண்டுத் தேர்வு. அப்போ குவார்ட்டர்ஸ்னா கால் வீடா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மொழிபெயர்ப்பு வேலையில் இந்தச் சொல்லோடு பலமுறை மல்லுக்கட்டியிருக்கிறேன். கால், காலாண்டு, குடியிருப்பு, தலைமையகம், காலிறுதி, வட்டாரம் என்று இடத்துக்கு இடம் ஒன்றை எழுதித் தப்பித்திருக்கிறேனே தவிர, இத்தனையும் எப்படி ஒரே சொல்லுக்குள் வந்தன என்று முறையாகத் தேடியதில்லை. அவள் கேட்ட பிறகுதான் தேடினேன்.

லத்தீனில் நான்கு என்பது குவாத்துவோர். நான்காவது, குவார்த்துஸ். அதிலிருந்து குவார்த்தாரியுஸ், அதாவது நான்கில் ஒரு பங்கு. ரோமர்கள் இந்தப் பெயரை ஒரு முகத்தல் அளவைக்கும் வைத்திருந்தார்கள். செக்ஸ்தாரியுஸ் என்ற அளவின் கால் பங்கு அது, இன்றைய கணக்கில் ஏறத்தாழ 136 மில்லி. பழைய பிரெஞ்சு வழியாக 1300-ஐ ஒட்டி ஆங்கிலத்துக்குள் வந்து குவார்ட்டர் ஆயிற்று. ஆக, இன்று நம் ஊரில் குவார்ட்டர் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும் 180 மில்லி பாட்டில், அந்தச் சொல்லின் மிகப் பழைய பொருள்களில் ஒன்றுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. முழுப் பாட்டில் 750 மில்லி. அதில் சரிபாதி 375. ஆனால் கால் பங்கு 187.5 வர வேண்டும், பாட்டிலில் இருப்பது 180.

ரோமரின் குவார்த்தாரியுஸுக்கு நேரான தமிழ்ச் சொல் நம்மிடம் இருந்தது: உழக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. உழக்கு என்றால் கால் படி. படியும் மரக்காலும் போய்க் கிலோ வந்ததும் உழக்கு வழக்கொழிந்தது. "உழக்குக்குள்ளே கிழக்கு மேற்கா?" என்ற பழமொழியில் மட்டும் அது உயிரோடு இருக்கிறது.

இதே குடும்பத்துச் சொற்கள் சில நம் பேச்சில் யாரும் கவனிக்காமலே உலவுகின்றன. கல்குவாரி என்கிறோமே, அந்தக் குவாரி கல்லைச் சதுரமாக வெட்டியெடுக்கும் இடம். நாற்கோணம் என்ற லத்தீன் சொல்தான் அதன் மூலம். கட்சி கேடர், ஐஏஎஸ் கேடர் என்பதில் உள்ள கேடரும் சதுரச் சட்டம் என்ற பொருளிலிருந்து வந்ததே. கொரோனாக் காலத்தில் வாயில் நுழைந்த குவாரன்டைன், வெனிசில் கப்பல்களை நிறுத்திவைத்த நாற்பது நாள் கணக்கு. குவார்ட்ஸ் கடிகாரத்துக்கும் இந்தக் குடும்பத்துக்கும் மட்டும் உறவில்லை. அது ஜெர்மன் மொழி தந்த கல்லின் பெயர்.

இனி நம் பக்கம் வருவோம். நான்கில் ஒன்றைத் தமிழ் ஏன் கால் என்கிறது? நடக்கிற காலும் இதுவும் ஒன்றே என்பதுதான் பரவலான விளக்கம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் நான்கு கால், ஒரு கால் என்றால் நான்கில் ஒன்று. கன்னடத்தில் காலு, மலையாளத்தில் கால், இரண்டுக்கும் இரண்டு பொருளும் உண்டு. வடமொழியின் பாதமும் இப்படித்தான், அடி என்றும் கால் பங்கு என்றும் பொருள்படும். இந்திக்காரர்கள் கால் கிலோவைப் பாவ் கிலோ என்பது அந்தப் பாதத்திலிருந்து பிறந்தது.

காளமேகப் புலவர் காஞ்சியைப் பாடிய வெண்பா ஒன்று "முக்காலுக்கு ஏகாமுன்" என்று தொடங்குகிறது. பின்னக் கணக்கின் முக்காலையே அவர் மூன்று காலாக்கிவிட்டார். கிழவரின் இரண்டு காலோடு ஊன்றுகோல் ஒன்று சேர்ந்தால் மூன்று. அந்த நிலை வருமுன் இறைவனை ஓது என்கிறார். எண்ணும் உறுப்பும் ஒரே சொல்லில் இருப்பதால் மட்டுமே இந்தச் சிலேடை நிற்கிறது.

தேடலில் என்னை உட்கார வைத்த இடம் இதற்கு அடுத்தது. ஆங்கிலத்தில் கறி வெட்டுபவர் உரித்த விலங்கை நான்காக வகிர்வார். ஒவ்வொரு பங்கிலும் ஒரு கால் இருக்கும். அந்தப் பங்குக்குப் பெயர் குவார்ட்டர். முன்பக்கத்துப் பங்கு ஃபோர்குவார்ட்டர், பின்பக்கத்துப் பங்கு ஹைண்ட்குவார்ட்டர். உயிரோடு நிற்கும் குதிரையின் பின்தொடைப் பகுதிக்கும் இதுவே பெயர். தமிழ் காலில் தொடங்கிப் பின்னத்துக்குப் போனது, ஆங்கிலம் பின்னத்தில் தொடங்கிக் காலுக்கு வந்தது. இருவரும் எதிரெதிர்த் திசையில் நடந்து ஒரே தொடைக்கறியில் சந்தித்திருக்கிறார்கள்!

காலுக்குத் தமிழில் தனிக் குறியும் உண்டு, பார்க்க 'வ' போலவே இருக்கும். ஔவையார் பாடியதாக வழங்கும் தனிப்பாடலில் "எட்டேகால் லட்சணமே" என்று ஒரு வசை வருகிறது. தமிழ் எண்ணில் எட்டு 'அ' போல இருக்கும், கால் 'வ'. சேர்த்துப் படித்தால் அவலட்சணம். 2010-இல் 'வ' என்ற ஓரெழுத்துப் பெயரோடு ஒரு திரைப்படம் வந்தது, கூடவே இருந்த பெயர் குவார்ட்டர் கட்டிங். அந்த ஓரெழுத்து இந்தக் கால் குறிதான். 2019-இல் வெளியான யூனிகோடு 12-ஆம் பதிப்பில் காலும் அரையும் முக்காலும், முந்நூற்றிருபதில் ஒன்றான முந்திரியும் தனிக் குறிகளாக இடம்பெற்றுவிட்டன. அந்த முந்திரியும் ஒரு கால்தான், காணியில் கால். காணி எண்பதில் ஒன்று. இவ்வளவு நுணுக்கமாக நாலு நாலாக வகுத்துப் பெயரிட்ட மொழியில், பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்று அரைக்காலுக்குக் கீழே ஒரு பெயரும் தெரியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சரி, வீடு எங்கிருந்து வந்தது? ஊரிலிருந்து வந்தது. ரோமர்கள் திட்டமிட்டுக் கட்டிய ஊர்களில் இரண்டு பெருந்தெருக்கள் நடுவில் குறுக்காக வெட்டிக்கொள்ளும். ஊர் நான்கு பகுதியாகிவிடும், ஒரு பகுதி ஒரு குவார்ட்டர். ஜெருசலேமின் பழைய நகரம் இன்றும் முஸ்லிம், கிறித்தவ, யூத, அர்மீனியப் பகுதிகள் என நான்காகத்தான் சொல்லப்படுகிறது. பிறகு நான்கு என்ற கணக்கு உதிர்ந்துபோய், நகரத்தில் ஓர் இனத்தாரோ தொழிலாரோ சேர்ந்து வாழும் எந்தப் பகுதியும் குவார்ட்டர் ஆயிற்று. பாரிஸின் லத்தீன் குவார்ட்டர் அப்படிப்பட்டது. அங்கே படித்தவர்களும் கற்பித்தவர்களும் லத்தீனில் பேசியதால் வந்த பெயர்.

இந்தப் பொருளுக்குத் தமிழில் 'பகுதி' என்று எழுதிவிடுகிறோம். தவறில்லை, ஆனால் சப்பென்று இருக்கிறது. புகார் நகரத்தைச் சிலப்பதிகாரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்று இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறது. கடலோரத்தில் வணிகரும் கைவினைஞரும் நெருங்கி வாழ்ந்த இடம் ஒன்று, அரசனும் உயர்குடியினரும் இருந்த இடம் மற்றொன்று. இதைவிடச் சரியான குவார்ட்டர் வேறில்லை. சேரி என்ற சொல்லும் இதே பொருளில்தான் இருந்தது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 30 குடும்பு, 12 சேரி என்று பிராமணர் வாழ்ந்த ஊரைப் பிரித்துக் கணக்குச் சொல்கின்றன. சேர்ந்து வாழும் இடம் சேரி, அவ்வளவே. பின்னாளில் அந்தச் சொல்லை ஒடுக்கப்பட்ட மக்களின் தெருவுக்கு மட்டுமாக ஒதுக்கி, அதில் இழிவையும் ஏற்றிவிட்டார்கள். அதனால் இன்று குவார்ட்டருக்குச் சேரி என்று எழுதினால் வாசகர் வேறெதையோ புரிந்துகொள்வார். புதுச்சேரிக்குப் போகிறவர்கள் பிரெஞ்சுக் குவார்ட்டரைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஊர்ப் பெயரிலேயே சேரி இருக்கிறது.

ஊரின் பகுதியிலிருந்து தங்குமிடத்துக்கு ஓர் எட்டுதான். படை ஓர் ஊருக்குள் வந்தால் இன்ன பிரிவுக்கு இன்ன இடம் என்று ஒதுக்குவார்கள். ஒதுக்கிய இடம் குவார்ட்டர்ஸ், ஒதுக்கிக் கொடுப்பவர் குவார்ட்டர் மாஸ்டர், தலைமை இருக்கும் இடம் ஹெட்குவார்ட்டர்ஸ். அமெரிக்கக் குடியேற்றங்களில் படையினருக்கு மக்களே இடமும் பொருளும் தர வேண்டும் என்று பிரிட்டன் 1765-இல் சட்டம் போட்டது. அந்தக் கசப்பின் விளைவாக, அமைதிக் காலத்தில் வீட்டுக்காரர் சம்மதமின்றிப் படைவீரரை எந்த வீட்டிலும் தங்க வைக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியல் சட்டத்தின் மூன்றாம் திருத்தமே எழுதப்பட்டது. அதில் 'தங்க வைப்பது' என்பதற்கு ஆங்கில வினைச்சொல் குவார்ட்டர். துரோகக் குற்றம் உறுதியானவரை நான்கு துண்டாக வெட்டும் பழைய இங்கிலாந்துத் தண்டனைக்கும் அதே வினைச்சொல்தான். மொழிபெயர்ப்பவர் கண்ணயர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

போர்க்களத்தில் தங்கும் இடத்துக்குத் தமிழில் பாசறை என்ற நல்ல சொல் இருக்கிறது. தொல்காப்பியம் கூதிர்ப்பாசறை, வேனிற்பாசறை என்று இரண்டு சொல்கிறது. ஐரோப்பியப் போர் வரலாறுகளில் பக்கத்துக்குப் பக்கம் வரும் 'விண்டர் குவார்ட்டர்ஸ்' என்ற தொடரைக் குளிர்காலத் தங்குமிடம் என்று நீட்டி எழுதியவன் நான். கூதிர்ப்பாசறை என்ற சொல் காத்துக்கொண்டிருந்தது எனக்கு அப்போது தோன்றவில்லை.

படையோடு ஒட்டிய இன்னொரு பொருள்தான் எல்லாவற்றிலும் வழுக்குவது. 'நோ குவார்ட்டர்' என்றால் சரணடைந்தாலும் உயிரோடு விடமாட்டோம் என்று பொருள். இந்தப் பொருள் எப்படி வந்தது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த முடிவில்லை. பிடிபட்டவருக்குத் தங்க இடம் கொடுத்தால் கொல்லவில்லை என்றாகிறது, அதிலிருந்து வந்திருக்கலாம் என்பது பொருத்தமான விளக்கம். 1907-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின் 23-ஆம் பிரிவு, அப்படி அறிவிப்பதையே தடை செய்கிறது. தமிழில் இதற்கு அடைக்கலம், அபயம் இரண்டும் பொருந்தும். ஒரு மொழிபெயர்ப்பைத் திருத்தக் கொடுத்தபோது, 'காலாண்டு வழங்கப்படவில்லை' என்று அச்சுக்குப் போகும் நிலையில் இருந்த வரியைப் பார்த்து எனக்குப் பதறிவிட்டது. இறந்தவர்களைப் பற்றிய வரி அது. 'அடைக்கலம் கேட்டவரையும் கொன்றார்கள்' என்று மாற்றிக் கொடுத்தேன்.

காலக் கணக்கில் அவ்வளவு சிக்கலில்லை. காலாண்டு, காலாண்டிதழ், காலிறுதி எல்லாம் நன்றாகப் பழகிவிட்டன. மணி சொல்லும்போது மட்டும் ஓரிடம் இடறும். 'குவார்ட்டர் டு ஃபைவ்' என்பதை நாம் ஐந்திலிருந்து பின்னோக்கி எண்ணுவதில்லை, நாலே முக்கால் என்கிறோம். குவார்ட்டர் என்று கண்டதும் கை தானாக ஐந்தேகால் என்று எழுதிவிடும். நிலாவிலும் ஒரு வேறுபாடு. முதல் குவார்ட்டர் என்று வானியலார் சொல்லும் நாளில் நம் கண்ணுக்குத் தெரிவது பாதி வட்டம். நிலா தன் சுற்றில் கால் பங்கு கடந்துவிட்டது என்பது அவர்கள் கணக்கு. நாம் கண்ணில் பட்டதைச் சொல்லி அரைநிலா என்கிறோம். நாளை எண்ணிச் சொன்னவர்களும் இருந்தார்கள்: பறம்புமலைக் குளத்தின் வளைந்த கரையைப் புறநானூறு "எண்ணாள் திங்கள்" போன்றது என்கிறது. வளர்பிறையின் எட்டாம் நாள், அதே நிலா.

அமெரிக்காவில் குவார்ட்டர் என்றால் 25 சென்ட் நாணயம், 1796-இலிருந்து இருக்கிறது. நமக்கு அது நாலணா. 2011 ஜூன் 30-இலிருந்து 25 காசு செல்லாது என்றாயிற்று, ஆனாலும் 'நாலணாவுக்குப் பெறாத பேச்சு' இன்னும் நம் வாயில் செல்லுபடியாகிறது.

திசையையும் தரப்பையும் குறிக்கும் பொருளுக்கு நாலாபுறம், மேலிடம், வட்டாரம் மூன்றையும் இடம் பார்த்து எழுதலாம். அரசியல் வட்டாரத்தில் பேசிக்கொள்கிறார்கள் என்று நாளிதழ்கள் எழுதுவது இதைத்தான். ஆங்கிலம் நாலாக வெட்டிப் பார்த்ததைத் தமிழ் வட்டம் போட்டுப் பார்க்கிறது.

எஞ்சியது போலீஸ் குவார்ட்டர்ஸ். பெயர்ப்பலகையில் காவலர் குடியிருப்பு என்றுதான் எழுதியிருக்கிறது, பொருத்தமான சொல். ஆனால் ஒதுக்கிக் கொடுத்தது என்ற பொருள் அதில் இல்லை. அக்கா வீட்டுக்காரர் அந்த வீட்டுக்கு மனு போட்டு, அலாட்மென்ட் ஆர்டருக்காக மாதக்கணக்கில் காத்திருந்தது எனக்குத் தெரியும். கால் காசு உத்தியோகமானாலும் கவர்மென்ட் உத்தியோகம் என்பார்கள் எங்கள் அப்பா. அந்தக் காலோடு இந்தக் குவார்ட்டர்ஸும் சேர்ந்தே வந்தது.

அக்கா மகளிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. "கால் வீடு இல்லடா, மொத்தத்துல உங்களுக்குன்னு பிரிச்சுக் கொடுத்த பங்கு" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ அப்பா ரிட்டயர் ஆனா திருப்பிக் கொடுத்துடணுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.