பூட்டிய முழங்கால்களுடன் நின்ற அதிபர்

சில ஆண்டுகளுக்கு முன், ஊரக உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய நேரத்தில், நாற்பது வயதைக் கடந்த ஒருவர் என் சிகிச்சை அறைக்கு வந்தார். குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளை வாதத்தால் இரண்டு கால்களும் செயலிழந்தவர். சக்கர நாற்காலியிலும் மூன்று சக்கர ஸ்கூட்டரிலும் நடமாடியபடியே கடை நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றி வருபவர். பரணில் கிடந்த பழைய காலிப்பரை, அதாவது செயலிழந்த காலைத் தாங்கி நிறுத்தும் இரும்புச் சட்டத்தை, துணிப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்து, "இதைச் சரிபண்ணிக் கொடுங்க சார். வார்டு மெம்பருக்கு நிக்கிறேன். வண்டியில உட்கார்ந்துக்கிட்டு ஓட்டுக் கேட்டா, இவனாலேயே நடக்க முடியல, நமக்கு என்ன செய்யப்போறான்னு நினைப்பாங்க" என்றார்.

இயன்முறை மருத்துவராக இந்தக் கவலையைப் பல வடிவங்களில் கேட்டிருக்கிறேன். பெண் பார்க்க வருபவர்களுக்கு முன்னால் சக்கர நாற்காலி வேண்டாம் என்பார்கள். நேர்முகத் தேர்வுக்கு ஊன்றுகோல் இல்லாமல் போக வழியுண்டா என்பார்கள். அன்று அவரிடம் நான் பேசியது அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைப் பற்றி.

1921 ஆகஸ்டில், தமது 39ஆம் வயதில், கனடாவின் கேம்பபெல்லோ தீவில் குடும்பத்துடன் விடுமுறையில் இருந்தபோது ரூஸ்வெல்ட்டுக்குக் காய்ச்சல் கண்டது. சில நாள்களில் கால்கள் செயலிழந்தன. இளம்பிள்ளை வாதம் என்றார்கள் மருத்துவர்கள். அதற்குப் பிறகு அவர் துணையின்றி நடந்ததே இல்லை. ஆனாலும் 1928இல் நியூயார்க் மாநில ஆளுநராகவும், 1932 தொடங்கி நான்கு முறை அதிபராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருக்கு அந்த நோய் வந்தது மக்களுக்குத் தெரியும். அவரால் எவ்வளவு முடியாது என்பதுதான் பெரும்பாலோர் கண்ணில் படாமல் இருந்தது. சக்கர நாற்காலியில் அவர் அமர்ந்திருக்கும் படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். படமெடுக்க முயன்றவர்களைப் பாதுகாவலர்கள் தடுத்தார்கள்.

அவர் 'நடந்தது' எப்படி என்பதை என் தொழில் சார்ந்தவர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். இடுப்புவரை நீளும் இரும்புக் காலிப்பர் இரண்டு காலுக்கும். எடை சுமார் 10 பவுண்டு, அதாவது நாலரைக் கிலோ. எழுந்து நிற்கும்போது முழங்கால் மூட்டில் பூட்டு விழ வேண்டும். விழாவிட்டால் கால் மடங்கி ஆள் சரிந்துவிடுவார். பூட்டிய பின் ஒரு கையில் கைத்தடி, மறு கையில் மகனுடைய முழங்கை. உடலின் எடையை ஒரு பக்கம் சாய்த்து, மறு காலை இடுப்பிலிருந்தே தூக்கி முன்னால் வீச வேண்டும். பிறகு அடுத்த பக்கம். காலைக் குனிந்து பார்க்காமல், முகத்தில் சிரிப்பு மாறாமல், பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே இதைச் செய்ய அவர் பல மாதங்கள் பயின்றார். காலுறைக்கு மேல் தெரியும் இரும்புக்குக் கறுப்பு வண்ணம் பூசியிருந்தார்கள்.

1936 ஜூன் 27 அன்று, பிலடெல்ஃபியாவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கூடியிருந்த திடலில், மேடையை நெருங்கும் வழியில் முதிய கவிஞர் எட்வின் மார்க்கமுக்குக் கை நீட்டியபோது காலிப்பரின் பூட்டு விட்டுப்போய், அதிபர் கீழே விழுந்தார். உரைத் தாள்கள் சிதறின. சுற்றியிருந்தவர்கள் மறைத்து நின்று அவரைத் தூக்கி, பூட்டை மீண்டும் போட்டு, உடையில் ஒட்டிய அழுக்கைத் துடைத்துவிட்டார்கள். சில நிமிடங்களில் மேடையில் நின்று அவர் பேசினார். இதைத் துணிச்சலின் கதையாகச் சொல்வார்கள், துணிச்சல்தான். ஆனால் அந்த மாலையில் நாட்டின் தலைவரை விழவைத்தது அவருடைய நோய் மட்டுமன்று, அவர் நின்றே ஆக வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்துதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உட்கார்ந்தபடி வந்திருந்தால் அவர் விழுந்திருக்கமாட்டார்.

மக்கள் பார்வைக்கு அப்பால் அவர் பயன்படுத்தியது வேறு. சாதாரண மர நாற்காலியின் கீழே சிறு சக்கரங்களைப் பொருத்திச் செய்த, கைப்பிடியில்லாத ஒன்று. குறுகிய கதவுகளிலும் எளிதாக நுழையும். பொருளாதாரப் பெருமந்தத்தையும் உலகப்போரையும் அவர் எதிர்கொண்டது உட்கார்ந்தபடிதான். காலிப்பர் ஊருக்கு, நாற்காலி வேலைக்கு. 1945 மார்ச் 1 அன்று, நேச நாட்டுத் தலைவர்கள் கூடிய யால்டா மாநாட்டிலிருந்து திரும்பிய பின், நாடாளுமன்றத்தில் முதன்முறையாக அமர்ந்து உரையாற்றினார். கால்களின் அடியில் 10 பவுண்டு இரும்பைச் சுமக்காமல் இருப்பது எளிதாக இருக்கிறது, பொறுத்தருளுங்கள் என்று தொடக்கத்திலேயே சொன்னார். ஆறு வாரங்களில் இறந்தார்.

அவருக்காக வாஷிங்டனில் 1997இல் திறக்கப்பட்ட நினைவிடத்தின் பெரிய சிலையில்கூட நாற்காலி மேலங்கிக்குள் மறைந்திருந்தது. மாற்றுத்திறனாளி அமைப்புகள் போராடி, நிதி திரட்டிய பின்னரே, 2001இல் நுழைவாயிலில் சக்கர நாற்காலியில் அவர் வெளிப்படையாக அமர்ந்திருக்கும் வெண்கலச் சிலை வந்தது. நம் ஊரில் மு. கருணாநிதி, முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, முதலமைச்சராக இருந்தபோதே சக்கர நாற்காலியில் சட்டமன்றத்துக்கும் பொதுக்கூட்டத்துக்கும் வந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். முதுமையில் ஒரு பெருந்தலைவருக்குக் கிடைக்கும் அந்த ஏற்பு, இளம் வயதில் முதன்முறை ஓட்டுக் கேட்டு வருபவருக்குக் கிடைப்பதில்லை என்பதும் உண்மை.

என்னிடம் வந்தவரின் தோள்பட்டைகளைப் பரிசோதித்தேன். இருபது ஆண்டுகளாக நாற்காலியைத் தள்ளிய தோள்கள். வலது கையைத் தலைக்கு மேல் தூக்கும்போதே முகம் சுளித்தார். இந்த நிலையில் நாலரைக் கிலோ இரும்போடு தெருத்தெருவாக நடந்தால், ஓட்டு எண்ணும் நாளுக்குள், இருக்கிற கையும் போய்விடும் என்று மறைக்காமல் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தவர், "அந்த அதிபர் உட்கார்ந்துதானே ஆட்சி செஞ்சார்?" என்று கேட்டுவிட்டுக் காலிப்பரைத் துணிப்பைக்குள் திரும்ப வைத்தார். தோளுக்கான பயிற்சிகளை எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, தம் துண்டறிக்கை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கழுத்துக்கு மேல் மட்டும் தெரியும் படம் வேண்டும் என்று முதலில் நினைத்திருந்தாராம். அச்சாகியிருந்தது, மூன்று சக்கர ஸ்கூட்டரில் அமர்ந்து கைகூப்பும் முழுப் படம்.